எஸ் கொக்கி வைத்த முறுக்குச் செயின்

போலீஸ்காரர்கள் தங்கம் என்று எழுதமாட்டார்கள். மஞ்சள் நிற உலோகம் என்றுதான் எழுதுவார்கள். வெள்ளியாக இருந்தால் வெள்ளை நிற உலோகம். தங்கமா தகரமா என்று சொல்ல வேண்டியவன் தட்டான், நாங்கள் கண்ணால் பார்த்த நிறத்தை மட்டும் எழுதுவோம் என்பது அவர்கள் கட்சி. எங்கள் ஊருக்கு அது ரொம்பப் பொருத்தம். சிலகலபூடியில் மஞ்சளாக மின்னுகிறதை எல்லாம் தங்கம் என்று எழுதப் போனால் நோட்டுப் புத்தகம் போதாது.

நான் பதினாறு வருஷமாகக் கவரிங் பட்டறையில் வேலை செய்கிறேன். செம்புக் கம்பியை இழுத்துச் சுருட்டிக் கண்ணி கண்ணியாகக் கோர்ப்பது வேறு ஆட்கள். அது செயினாகி என்னிடம் வரும். இரண்டு முனையிலும் வளையம் பற்றவைத்து, கொக்கி மாட்டி, மெருகு பார்த்து முலாம் தொட்டிக்கு அனுப்புவது நான். தொட்டியிலிருந்து வந்ததைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டால் கல்யாண வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லமுடியாது. ஒரு செயினைக் கையில் வாங்கினால் போதும், அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். இந்தக் கர்வம்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

கார்த்திகை ஏகாதசி அன்று காலை நானும் என் மாமியார் சேஷாரத்னமும் பாண்டுரங்கன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு பைக் வந்தது. பின்சீட்டில் இருந்தவன் என் கழுத்தைப் பிடித்து இழுத்தான். நான் சாக்கடை ஓரம் போய் விழுந்தேன். எழுந்து கழுத்தைத் தடவினால் ரத்தம் இருந்தது, தாலிச் செயின் இல்லை. பிறந்த வீட்டுத் தாலி ஒன்று, புகுந்த வீட்டுத் தாலி ஒன்று, இரண்டும் அதோடு போயின. என் மாமியார் போட்ட கூச்சலில் தேர் பார்க்க வந்த கூட்டம் பாதி எங்களைப் பார்க்க வந்துவிட்டது.

உள்ளபடி சொன்னால், அந்த இரண்டு தாலி மட்டும்தான் தங்கம். செயின் கவரிங். நானே செய்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை சுவர்ச்சலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெண் கழுத்தில் செயின் இல்லாமல் எப்படி என்று ஆரம்பித்தார்கள். என் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் கழுத்தில் இருந்தது என் மாமியாருடைய செயின். முப்பது வருஷம் அவர் போட்டிருந்து, நான் மருமகளாக வந்த அன்று தன் கையால் கழற்றி எனக்குப் போட்டது. அதைப் பார்த்து அதே நீளத்தில், அதே முறுக்கில், கண்ணி எண்ணிக்கைகூட மாறாமல் ஒன்று செய்தேன். முலாம் தொட்டியில் இரண்டு தடவை முக்கி எடுத்தேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அசலை சுவர்ச்சலாவிடம் கொடுத்தேன். கல்யாணம் முடிந்ததும் தருகிறேன் அக்கா என்றாள். அது அவள் மாமியார் கண்ணில் பட்டுவிட்ட பிறகு எப்படிக் கழற்றுவாள்? என் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் புருஷனுக்கும் தெரியாது.

இப்போது ஸ்டேஷன். ஏட்டு ஏடுகொண்டலு பேனாவைத் திறந்தார்.

"செயின் எப்படிம்மா இருக்கும்?"

"தங்கம் சார்."

"அதை விடு. பார்வைக்கு எப்படி இருக்கும், அதைச் சொல்லு."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவரிங்தான் சார், போனால் போகட்டும். ஆனால் என் மாமியார் பக்கத்தில் நின்று, என் கழுத்து ரத்தத்தைத் தன் முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவருடைய செயின் முழுசாக வெளியே வந்தது.

"முறுக்குச் செயின் சார். ரெட்டைக் கம்பி முறுக்கு. இருபத்துநாலு இஞ்ச். மூணு சவரன். எஸ் கொக்கி, திருகு கிடையாது. கொக்கி மாட்டற வளையம் ரெண்டும் வாய் மூடிப் பத்தவச்சது. கண்ணாடி மெருகு. மேட் கிடையாது, வெட்டுப்பூ கிடையாது, மீனா வேலை கிடையாது."

ஏடுகொண்டலு நிமிர்ந்து பார்த்தார். "நகைக்கடையில வேலையா?"

"கவரிங் பட்டறையில சார்."

"அதானே பார்த்தேன். இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட் நான் எழுதினதே இல்ல. எம் பொண்டாட்டி கழுத்துல என்ன கிடக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

"எம் மருமகளாக்கும்" என்றார் என் மாமியார், அழுகைக்கு நடுவில். "செயின் மட்டும் கிடைக்கட்டும், உங்க ஸ்டேஷனுக்கே நம்ம ஊர்ப் பந்தர் லட்டு வாங்கித் தரேன்."

வீட்டுக்கு வந்ததும் அவரே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கொம்பைக் கட்டி என் கழுத்தில் போட்டார். செயின் எங்கே கிடைக்கப்போகிறது, திருடன் உரசிப் பார்த்ததும் என்னைத் திட்டிக்கொண்டே சாக்கடையில் வீசியிருப்பான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்படி ஒரு நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து ஆள் பிடிபட்டுவிட்டான் என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. நானும் மாமியாரும் போனோம். வாசல் பெஞ்சில் ஒரு மீன்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்திலும் மஞ்சள் கொம்பு. கூடையைக் காலுக்கடியில் வைத்து, ஈரக் கோணியால் மூடியிருந்தாள். எங்களுக்கு முன்னால் வந்தவள்தான். ஆனாலும் எங்களைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேஜையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு முறுக்குச் செயின்.

"தாலியெல்லாம் உருக்கிட்டான் பாவி" என்றார் ஏடுகொண்டலு. "செயின் மட்டும்தான் மாட்டுச்சு. உங்க கம்ப்ளெய்ன்ட்ல எழுதின மாதிரியே இருக்கு. எடுத்துப் பாரும்மா."

எடுத்தேன். செம்பு கையில் கிடக்கும், தங்கம் கையில் இறங்கும். இது இறங்கியது. கொக்கி வளையத்தில் உரசுகிற இடத்தைப் பார்த்தேன். கவரிங்காக இருந்தால் அந்த இடத்தில்தான் முலாம் தேய்ந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். இதில் தேய்ந்த இடத்திலும் மஞ்சள்தான். நடுவில் நாலு கண்ணி மட்டும் நசுங்கித் தட்டையாக இருந்தது. என்னுடையது இல்லை. என் மாமியாருடையதும் இல்லை. அதில் நசுங்கின கண்ணி ஒன்றுகூடக் கிடையாது, எண்ணியே பார்த்தவள் நான்.

"சார், இது எங்களோடது மாதிரி தெரியல..." என்றேன்.

மாமியார் வெடுக்கென்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்னோடதேதான்! அவ பயந்துபோயிருக்கா சார். முப்பது வருஷம் போட்டவ நானில்ல?"

நான் மேலே பேசியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் உங்களுடையது எது என்பதாக இருக்கும்.

அதற்குள் வெளியே இருந்தவள் உள்ளே வந்துவிட்டாள். நாஞ்சாரம்மா என்று பெயர். மீன் மார்க்கெட் வாசலில் அதே பைக் ஆட்கள் அவளிடமும் பறித்திருக்கிறார்கள்.

"சார், நானும் பாத்துடறேன்."

"பார்க்கறது அப்புறம். முதல்ல உன்னோடது எப்படி இருக்கும்னு சொல்லு."

"மஞ்சளா இருக்கும்."

"இந்த ஊர்ல எல்லாமே மஞ்சளாத்தான்மா இருக்கும். கொக்கி என்ன கொக்கி?"

"கொக்கின்னா... மாட்டுவோமே, அதான்."

"நீளம்?"

அவள் தன் மார்பில் கை வைத்துக் காட்டினாள். "இந்தா, இது வரைக்கும். கூடையைத் தலைக்குத் தூக்கறப்ப ஊஞ்சலாட்டம் ஆடும். அதனால வாயில கவ்விக்குவேன்."

"கழுத்துல போடறதை வாயில போட்டா போலீஸ் என்ன பண்ணும்?" என்றார் ஏடுகொண்டலு. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நாஞ்சாரம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, யாரும் மேலே கேட்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்தினாள்.

நான் மாமியார் கையில் இருந்த செயினைப் பார்த்தேன். நசுங்கின நாலு கண்ணி. அதை ஏடுகொண்டலுவும் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, நசுங்கியிருக்கு?" என்று என் மாமியாரைக் கேட்டார்.

"இவ புருஷன் பொறக்கறப்ப வலி தாங்காமக் கடிச்சேன் சார்" என்றார் என் மாமியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவ்வளவுதான். என் கம்ப்ளெய்ன்டில் பதினொரு வரி இருந்தது. நாஞ்சாரம்மாவின் கம்ப்ளெய்ன்டில் 'மஞ்சள் நிறச் சங்கிலி ஒன்று' என்று ஒரு வரி. கோர்ட்டில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேஸ் முடியும்வரை விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, மாற்றக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும். நான் கையெழுத்துப் போட்டேன். மாமியார் நல்ல நாள் பார்த்து, புதுத் தாலி இரண்டு கோர்த்து, அந்தச் செயினை என் கழுத்தில் போட்டார். ஸ்டேஷனுக்கு லட்டும் போனது.

ஊரான் வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. குனிந்தால் அந்த நாலு கண்ணி கண்ணில் படும். ஆனாலும் வீட்டில் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. திறந்தால் சுவர்ச்சலா அவள் வீட்டில் வெறும் கழுத்தைக் காட்டி நிற்க வேண்டும். கோழைக்குத் தோன்றுகிற யோசனைதான் எனக்கும் தோன்றியது. நாஞ்சாரம்மாவிடம் வார்த்தை இல்லாததுதானே குறை, வார்த்தையை நான் கொடுத்துவிட்டால் போயிற்று!

மார்க்கெட்டில் அவள் முன்னால் போய் நின்றேன். செயினை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தொட்டாள்.

"இதுதாம்மா" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டுருக்கீங்க?"

பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டைப் பற்றியும் பாதி சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப உங்க மாமியாருக்குப் பயந்து எங்கழுத்தை அறுத்தீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எடை சொல்வது போலச் சொன்னாள்.

"நான் சொல்றதை மனசுல வாங்கிக்க. ஸ்டேஷன்ல போய் அப்படியே சொல்லு. இதுக்குப் பேரு முறுக்கு. ரெட்டைக் கம்பி."

"முறுக்கு. திங்கறதா?"

"சிரிக்காத. இருபத்துநாலு இஞ்ச். இது எஸ் கொக்கி, பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு பாரு. இந்த வளையம் வாய் மூடிப் பத்தவச்சது. திறந்த வளையம்னா இழுத்தா வந்துடும். மேலே வழவழன்னு இருக்கே, அது கண்ணாடி மெருகு. சொரசொரன்னு மங்கலா இருந்தா மேட். கலர் கலரா பூசியிருந்தா மீனா. இதுல அதெல்லாம் கிடையாது."

நாலு நாள் போனேன். அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். இருபத்துநாலு இஞ்ச், எஸ் கொக்கி, வாய் மூடின வளையம், கண்ணாடி மெருகு. வாங்க வந்தவர்கள் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். நாலாவது நாள் தப்பில்லாமல் சொல்லிவிட்டாள். "ஏம்மா, இதெல்லாம் தெரியாமலேயே பதினெட்டு வருஷம் போட்டுட்டனே" என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து எங்களைச் செயினோடு வரச் சொன்னார்கள். போனோம். நாஞ்சாரம்மா சுவரோரம் நின்றிருந்தாள். ஏடுகொண்டலு முகம் சிவந்திருந்தது.

"அம்மா, இந்தப் பொம்பளையை உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன சார் விஷயம்?" என்றார் மாமியார்.

"செயின் தன்னோடதுங்கறா. அன்னைக்குக் கொக்கின்னா என்னன்னு முழிச்சவ, இன்னைக்கு வந்து 'வாய் மூடிப் பத்தவச்ச வளையம்'ங்கறா. 'மேட் கிடையாது, மீனா கிடையாது'ங்கறா. ஃபைலை எடுத்துப் பார்த்தா உங்க மருமக சொல்லி நான் எழுதினதுல இருக்கற வார்த்தை ஒண்ணு விடாம இருக்கு. ஸ்டேஷன் பேப்பரை எவனோ காசு வாங்கிட்டுக் காட்டியிருக்கான். என் வேலைக்கே உலை வைக்கற விஷயம்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "யார் சொல்லிக் கொடுத்தது? சொல்றியா, உன் மேலேயே கேஸ் எழுதவா?"

நாஞ்சாரம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு தரையைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லித் தரல சார். என் செயின், எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் நான் நின்றுகொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. "நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன். "அது அவ செயின்தான். என்கிட்டப் பறிச்சது கவரிங். நானே செஞ்சது. அத்தை, உங்க செயின் சுவர்ச்சலா கழுத்துல இருக்கு. அவ கல்யாணத்துக்குக் கொடுத்துட்டேன்."

சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. மாமியார் என்னை அறையப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அறை விழவில்லை. "சார்" என்று அவர் குரல் கேட்டது. "அன்னைக்கு விழுந்ததுலேருந்து இவ இப்படித்தான். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மீன்காரி அழுதா இவளுக்குத் தாங்காது. இரக்க சுபாவம் சார். இது என் செயின்தான், எந்தக் கோயில்ல வேணா வந்து கற்பூரம் அணைக்கறேன்."

ஏடுகொண்டலு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேஜை மேல் கிடந்த பேப்பரைப் பார்த்தார். பேப்பர் என் மாமியார் பக்கம் இருந்தது.

"நீ முன்ன சொல்லி எழுதினது பொய்யின்னா உன்னைத்தாம்மா உள்ள வைக்கணும்" என்றார் என்னிடம். "கோர்ட்டுக்குப் போன கேஸ். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கு." நாஞ்சாரம்மாவிடம், "இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தே, பாத்துக்க" என்றார்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் நான் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"வேர்வை பட்டுப் பட்டு உங்கழுத்துல பச்சையாப் படிஞ்சிருந்ததே, அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சியே, எனக்குக் கண்ணில்லையா?" என்றார். "தங்கத்துக்குப் பச்சை படியுமாடி? தங்கச்சிக்காகப் பண்ணிட்டே, சரி போன்னு இருந்தேன். அந்தச் செயின் இனி இந்த வீட்டுக்கு வராது. இது வந்திருக்கு. சாமி கொடுத்ததுன்னு வச்சுக்க."

"அவளுக்கு யாரு அத்தை கொடுப்பா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். என்னிடம் கோபித்து, அடித்து, விரட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். இந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ரோட்டில் நாஞ்சாரம்மா கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். "நிறுத்துங்க" என்றேன். மாமியார் கூப்பிடக் கூப்பிட இறங்கி ஓடினேன். அவள் முன்னால் போய் நின்று, புதுத் தாலி இரண்டையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, செயினை அவள் கையில் வைத்தேன்.

"எடுத்துக்க. என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

அவள் கூடையைக் கீழே இறக்கினாள். செயினை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடை தூக்கிப் பழகிய பழக்கமோ என்னவோ, அதன் நடுவை ஒரு தடவை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"நான் எப்படிம்மா இதைப் போட்டுக்கிட்டு நடப்பேன்? பேப்பர்ல இது உங்களோடது. என் கழுத்துல பார்த்தா அந்த ஏட்டையா என்னைத்தான் திருடின்னு பிடிச்சுட்டுப் போவாரு. உங்களால அப்பவும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் சொன்னது அத்தனையும் சரி.

"திரும்புங்க" என்றாள். நான் திரும்பி நின்றேன். அவள் பின்னாலிருந்து என் கழுத்தில் செயினைப் போட்டாள். அந்தக் கொக்கி கொஞ்சம் கோணலானது. கொக்கியே தொழிலாக இருக்கிற நான் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை முயன்றுதான் மாட்டுவேன். அவள் ரோட்டில் போன யாரிடமோ மீன் விலை சொல்லிக்கொண்டே, ஒரே திருப்பில் மாட்டிவிட்டாள்.